நாத்தனாரின் கறுப்பு வண்டியும் அதன் டாப்பும்

எங்கள் தெருவில் நாளைக்குக் கல்யாணமா சாவா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. என் நாத்தனாரின் காரைப் பார்த்தால் போதும். முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தால் கல்யாணம். கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமாகக் கறுத்திருந்தால் சாவு.

நீளமான கறுப்புக் கார். அவள் புருஷன் இந்த இரண்டு காரியத்துக்கும் வாடகைக்கு ஓட்டியது. அவர் போனபின், விற்றுவிடு என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. தானே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். ஆள் குள்ளம். இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தாலும் வெளியே தெரிவது கொண்டை மட்டும்தான். ஓட்ட ஆளே இல்லாமல் சவப்பெட்டியோடு ஒரு கார் வருகிறதே என்று எதிரே வருகிறவர்கள் பயந்து ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் எதற்கு எதைப் பூசுவது என்று அவளுக்குத் தெரியாது. நாள்பட உழைக்கும் என்று சீலன்ட் என்கிற கண்ணாடிப் பளபளப்புப் பூச்சைப் பூசிக்கொண்டு ஒரு சாவுக்குப் போனாள். கறுப்பு பெயின்டில் சீலன்ட் காய்ந்தால் மூக்கு முடிகூடத் தெரியும். பின்னால் அழுதுகொண்டே நடந்து வந்த அந்த வீட்டு மருமகன், கார்க் கதவில் தன் முகத்தைப் பார்த்துவிட்டான். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து மீசையைச் சீவினான். அவனைப் பார்த்து அவன் தம்பியும் சீவினான். அப்புறம் ஆளுக்கொரு கதவு. இறந்தவரின் மனைவி என் நாத்தனாரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "எங்க வீட்டுச் சாவுல ஒருத்தர்கூட அழலம்மா. எல்லாரும் உன் கார்ல அலங்காரம் பண்ணிக்கிட்டாங்க!"

அன்றிலிருந்து சாவுக்கு வாக்ஸ். அந்த மெழுகைத் தேய்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், முகம் வெறும் நிழலாகத்தான் விழும், எல்லாரும் நிம்மதியாக அழலாம். அதே வாக்ஸோடு கல்யாணத்துக்குப் போனாலோ, "ஏம்மா, வண்டி ஏன் இப்படித் துக்கமா இருக்கு?" என்று பெண்ணைப் பெற்றவள் மூக்கைச் சிந்துவாள்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. சீலன்டின் மேல் வாக்ஸ் உட்காரும். வாக்ஸின் மேல் சீலன்ட் ஒட்டாது. பழையதை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சாவு வந்தால் கைவேலை கொஞ்சம்தான். சாவுக்குப் பிறகு கல்யாணம் வந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். யார் தோள்பட்டை? என்னுடையதுதான். அண்ணி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்?

அதனால் என் நாத்தனார், விசாரிக்கிற சாக்கில் போன் போட ஆரம்பித்தாள். "அப்பா எப்படி இருக்காரு? அய்யோ பாவம். டாக்டர் என்ன சொல்றாரு? இல்ல, ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணம் புக் ஆயிருக்கு. அதுவரைக்கும் தாங்கினார்னா நமக்கு ரொம்ப சௌகரியமா இருக்கும்." அந்த அப்பா தாங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி, அதற்கப்புறம் வந்த கல்யாணங்களையெல்லாம் தாண்டி, இன்றைக்கும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

டப்பாக்காரர் என்று நாங்கள் சொல்வது கார் பாலிஷ் கடைக்காரரை. அவள் புருஷனுக்கு வாக்ஸ் விற்றவர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால், "கடையில வேலை" என்பார். துக்கம் கேட்க வந்தவர், அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் புதுப்புது டப்பாக்களோடு வர ஆரம்பித்தார். இருவரும் பானெட்டில் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். கட்டத்துக்கு ஒரு சரக்கு பூசித் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் சரக்கு நல்லது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

"நிக்குது மேடம்."

"ஓரத்துல சரியுதே, டப்பாக்காரரே."

"சரிஞ்சாலும் உருண்டுதான் சரியுது. கவனிச்சீங்களா?"

இவ்வளவுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டுத் தீர்ப்புச் சொல்வார். தெரு முழுக்க இதற்குக் காதல் என்று பெயர் வைத்துவிட்டது. அந்த இரண்டு பேருக்கு மட்டும் அது தண்ணீர்.

அந்தக் காரில் யாரும் தொடக் கூடாத இடம் ஒன்று உண்டு, டாப், அதாவது மேல்கூரை. அவள் புருஷன் சாவதற்கு முந்தின நாள் டாப்புக்கு மட்டும் வாக்ஸ் போட்டு முடித்துவிட்டு, "கதவெல்லாம் நாளைக்கு" என்று கையைக் கழுவியவர். அதற்குப் பிறகு அவள் அதன்மேல் துணி படவிடவில்லை. ஹோஸ் தண்ணீரோடு சரி. மழை விட்டதும் மாடிக்கு ஓடிப்போய் முற்றத்தில் நிற்கும் காரை எட்டிப் பார்ப்பாள். டாப் முழுக்க முத்து முத்தாக நிற்கும்.

"அவர் கை பட்டது. இன்னும் நிக்குது பாருங்க அண்ணி" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வாக்ஸ் இரண்டு மாதம் நின்றாலே பெரிது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள் இவள். ஊருக்கு உபதேசம். ஆனால் நான் என்ன சொல்ல? வருஷக்கணக்காக நிற்கத்தான் நின்றது. "என் மச்சான் கைராசி அப்படி" என்பார் என் வீட்டுக்காரர், அதில் தனக்கும் பங்கு இருப்பதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாக்காரர் டப்பா இல்லாமல் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எனக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், கடையை மூடிட்டு வீட்டுக்குப் போனா எனக்குப் பேச்சே வர்றதில்ல. இங்க வந்தாத்தான் வருது. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் முகம் சிவந்தது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், சத்தியமாக நான் பார்த்தேன். அதற்குள் கண் காரின் பக்கம் போய்விட்டது.

"அவர் போட்ட வாக்ஸ் இன்னும் டாப்ல நிக்குது. அது நிக்கிற வரைக்கும் நான் அவர் பொண்டாட்டிதான். அது போகட்டும். அப்புறம் பேசலாம்."

"ஏண்டி, நீ பொம்பளையா, பானெட்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

டப்பாக்காரர் வாயைத் திறந்தார். டாப்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"வராட்டிப் போகட்டும்" என்றாள். ஆனால் ஞாயிறானால் டேப் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நிற்பாள். அப்புறம் தானே தண்ணீர் தெளித்து, தானே குனிந்து பார்த்து, நிக்குது என்று சொல்ல ஆளில்லாமல் உள்ளே வருவாள். எனக்கு அவள்மேல் பாவமும் வந்தது, நாலு அறை விடலாம் என்றும் வந்தது.

வெயில் காலம் முழுக்க இப்படியே போயிற்று. முதல் மழை பெய்து விட்டதும் மாடியிலிருந்து ஓர் அலறல். "அண்ணி!"

ஓடினேன். கீழே பானெட்டில் முத்து முத்தாக நின்றது. டாப்பில் தண்ணீர் தட்டையாகப் படர்ந்து கிடந்தது.

"போச்சு அண்ணி. 'அது போகட்டும்'னு நான் வாய்விட்டுச் சொன்னேன்ல? அவர் கேட்டுட்டாரு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"மச்சான் எப்பவுமே ரோஷக்காரன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்று உறைத்தது அப்போதுதான். ஞாயிறுதோறும் இவள் டீ போட உள்ளே போவாள். டப்பாக்காரர் தன் நீளக் கையை டாப்பின் மேல் ஓட்டிக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால், "காக்கா எச்சம்மா" என்பார். எந்தக் காக்காய் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை டீ நேரம் பார்த்து வந்து எச்சம் போடும்?

"உன் புருஷன் போட்டது அந்த வருஷமே போயிருக்கும்டி" என்றேன். "நீ டீ போடப் போற நேரத்துல டப்பாக்காரர்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. காக்கா எச்சம்னாரு. நானும் நம்பித் தொலைச்சேன்."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய் ஸ்டியரிங்கின் முன்னால் தலையணைகளைப் போட்டாள். நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

கடையில் டப்பாக்காரர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இவள் நேராகப் போய் நின்றாள்.

"டாப்புக்கு என்ன போட்டீங்க?"

அவர் கையிலிருந்த டப்பா நழுவியது. "வாக்ஸ்தான் மேடம். அவர் கடைசியா வாங்கின அதே சரக்கு."

"சீலன்ட் போட்டிருந்தா வாராவாரம் துடைக்க வேண்டாமே?"

"பளிச்சுனு காட்டிக் கொடுத்துடும் மேடம். அவர் கை இல்லைன்னு கண்டுபிடிச்சிடுவீங்க."

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தா நான்..."

"சொன்னா கல்யாணம் நடந்திருக்கும்" என்றார் அவர். "ஆனா அப்புறம் மழை பெஞ்சா, மாடியிலேருந்து பார்க்க உங்களுக்கு ஒண்ணும் இருந்திருக்காதே மேடம்."

என் நாத்தனார் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். கல்லாவின் மேலிருந்த புதுத் துணியை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வண்டி ஒரு கல்யாணத்துக்குப் போகணும். இப்ப வாக்ஸ்ல இருக்கு. முழுக்கத் துடைக்கணும்."

"யாருக்குக் கல்யாணம் மேடம்?"

"எனக்கு!" என்று கத்தினேன் நான். "ஏறுங்கய்யா வண்டியில!"

கல்யாணப் பெண், மாப்பிள்ளை, நான், என் வீட்டுக்காரர் என்று நாலு பேரும் சேர்ந்து துடைத்துச் சீலன்ட் பூசினோம். டாப்பை மட்டும் விட்டுவிட்டோம். அதற்கு அவளே ஸ்டூல் போட்டு ஏறி வாக்ஸ் போட்டாள். எட்டாத நடுப்பகுதியை அவர் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கார்க் கதவைப் பார்த்து மூன்று தடவை தலை சீவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மழை பெய்தது. விட்டதும் வழக்கம்போல மாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். கீழே டப்பாக்காரர் நனைந்த சட்டையோடு எங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்குது பாருங்க அண்ணி" என்றாள்.

யார் கை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.