நடு ஆற்றில் இன்ஜின் நின்றபோது

போன ஐப்பசி மழையில், என் மகள் ஸ்டெல்லாவை மடியில் போட்டுக்கொண்டு வெள்ளம் போகும் கொள்ளிடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததை என்னோடு வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

நான் ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் பதிமூன்று வயது மகளும்தான். அவளுக்குச் சில நாளாகக் காய்ச்சல். அன்று காலை வலிப்பு வந்துவிட்டது. அரியலூர் சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. திருமானூர் பாலத்துக்குப் போகிற வழியும் மூழ்கிவிட்டது. கணவருக்குத் தந்தி கொடுக்கலாம் என்றால் தபால் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். துணைக்கு யாரைக் கூப்பிடுவது? எல்லாரும் தங்கள் பிள்ளைகளையும் மாடுகளையும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று போல் தனியாக நான் என்றும் இருந்ததில்லை.

அக்கரை போய்விட்டால் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு எப்படியாவது போய்விடலாம். வெள்ளத்துக்காக நாகப்பட்டினத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய இன்ஜின் படகு ஒன்று கரையில் நின்றது. ஓட்டுகிறவர் மாரிமுத்து, அந்தக் கடற்கரைக்காரர். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் அழுகிப்போய் இன்னும் படகின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. பூஜைக்குக் கட்டியதைத் தாங்களாக அவிழ்ப்பதில்லையாம். அதுவாக விழுந்தால்தான் உண்டு.

“ஆம்பளைத் துணை யாரும் வரலைங்களா டீச்சர்?”

“யாருமில்லை தம்பி. நீங்க எடுங்க.”

ஸ்டெல்லாவை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்து, மழைக்குத் தார்ப்பாயால் போர்த்தினேன். வலிப்பு அடங்கியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். இன்ஜின் தடதடத்ததில் படகோடு சேர்ந்து அவள் உடம்பும் ஆடியது. நான் அக்கரையையே பார்த்துக்கொண்டு செபமாலை உருட்டினேன்.

நடு ஆற்றுக்கு வந்ததும் எண்ணெய் கருகுகிற வாடை. இன்ஜின் பெட்டியிலிருந்து ஆவி. மாரிமுத்து எட்டி, பக்கவாட்டில் இருந்த புகைக்குழாயைப் பார்த்தார்.

“சூடேறிப்போச்சு டீச்சர். புகையோட தண்ணியும் துப்பணும். வெறும் புகைதான் வருது.”

ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த இன்ஜின் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறதாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றார்.

“நிறுத்தாதீங்க தம்பி! கரை வரைக்கும் ஓட்டிடுங்க!”

“ஓட்டுனா இறுகிப்போயிரும். அப்புறம் கடல் வரைக்கும் நம்ம பயணம்தான், பரவாயில்லையா?”

மாதாவே, இன்ஜின் நிற்கக் கூடாது, நிற்கவே கூடாது என்று கண்ணை மூடி மன்றாடினேன். அவர் நங்கூரத்தைப் போட்டார். அது மூழ்கியிருந்த நாணல் திட்டில் மாட்டி இழுத்துப் பிடித்தது. இன்ஜினை நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்! மழை இரைச்சல், தண்ணீர் உரசும் சத்தம், வேறொன்றும் இல்லை. இரண்டு கரையும் மழையில் தெரியவில்லை. ஆண்டவரே, நீரும் என்னைக் கைவிட்டுவிட்டீரா என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

அப்போதுதான் அது என் காதில் விழுந்தது. மடியில், தார்ப்பாய்க்கு அடியில், கர்… கர்… என்று ஒரு சத்தம். விலக்கிப் பார்த்தால் ஸ்டெல்லாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாந்தி எடுத்து, அது தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது.

நான் அலறினேன். மாரிமுத்து கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தாவி வந்தார். “ஒருக்களிங்க டீச்சர், ஒருக்களிங்க!” என்று அவரே அவளைப் பக்கவாட்டில் திருப்பி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தார். முதுகில் தட்டினார். எல்லாம் வெளியே வந்தது. ஒரு பெரிய மூச்சு. பிறகு “அம்மா” என்றாள்.

அவளை ஒருக்களித்தபடியே பிடித்துக்கொண்டேன். அவர் இன்ஜினிடம் திரும்பிப் போனார். முதலில் பெல்ட்டைப் பார்த்தார், அது சரியாக இருந்தது. பம்பைக் கழற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். கடைசியில், தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வடிகட்டியைத் திறந்தார். கை நிறைய வாழை நாரும் சாமந்தி இதழும் வந்தன.

“அட, நான் சாமிக்குக் கட்டுன வாழைதான் அடைச்சிருக்கு. இத ஊர்ல சொல்லிடாதீங்க டீச்சர், சிரிப்பாங்க.”

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீக்கிரம் இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள் என்றேன். “சூட்டோட ஊத்துனா இரும்பு கீறல் விட்டுரும். ஆறட்டும்” என்று சொல்லிவிட்டார். ஆறும் வரை நானும் காத்திருந்தேன், மகளின் ஒவ்வொரு மூச்சையும் கேட்டபடி. பிறகு இன்ஜின் உயிர் பெற்றது. குழாயிலிருந்து புகையோடு தண்ணீர் பாய்ந்தது. அந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினேன்.

அக்கரை சேர்ந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர். படகில் நடந்ததைக் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்ச நேரம் கவனிக்காம விட்டிருந்தீங்கன்னா, இங்க கொண்டு வந்திருக்கவே வேண்டாம்மா” என்றார். இன்ஜின் ஓடியிருந்தால் அந்தக் கர் என்ற சத்தத்தை நான் கேட்டிருக்கவே முடியாது. எது நடக்கக் கூடாது என்று மன்றாடினேனோ, அதைக் கொண்டே ஆண்டவர் என் பிள்ளையைத் திருப்பித் தந்தார்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். நான்தான் இன்னும் தேறவில்லை. அவள் தூங்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். “புழுங்குதும்மா, போடும்மா” என்று திட்டுகிறாள். அந்தத் திட்டுக்கும் நன்றி சொல்கிறேன். இப்படிச் செய்யும், அப்படிச் செய்யும் என்று ஆண்டவருக்கு வழி சொல்வதை விட்டுவிட்டேன். என் பயத்தை மட்டும் சொல்கிறேன்.

சகோதர சகோதரிகளே, துணைக்கு ஒருவரும் இல்லாமல், இரண்டு கரையும் தெரியாமல் நிற்கிறவர்கள் உங்களில் இருப்பார்கள். உங்கள் மன்றாட்டு கேட்கப்படவில்லை என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்த அதே நிமிடத்தில்தான் அவர் என் மகளின் மூச்சை எனக்குக் கேட்கச் செய்தார்.