பதிவேட்டில் அம்மா வைத்த அட்டை

எங்கள் அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டவர். எனக்கு ஆறு வயதில் அப்பா காலமானார். அம்மா களை எடுக்கப் போனார், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுண்டல் விற்றார், என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

பிறகு செங்கம் சாலையில், கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்களை பிளஸ் டூ தேர்வுக்குத் தயார் செய்யும் சிறிய டுடோரியலில் அம்மா ஆயாவாகச் சேர்ந்தார். பட்டம் வாங்கிய நானும் அங்கேயே ஆசிரியரானேன். முதல் நாளே அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கேட்டுக்குள்ள வந்துட்டா நீ சார், நான் ஆயா. அம்மா கிம்மான்னு கூப்ட்டுக்கினு வராத." அவரும் அங்கே என்னை "சார்" என்றுதான் அழைத்தார், ஒரே ஒரு நாள் தவிர.

விஜயா என்று ஒரு மாணவி. கேள்வி கேட்டால் முழுப் பாடத்தையும் பிசகாமல் வாயால் சொல்வார். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடும்; படிக்கும்போது கண் வரிவிட்டு வரி தாவும். எனக்கு அது அலட்சியமாகத்தான் பட்டது. தேற மாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களின் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னபோது, விஜயாவின் பெயரை நானே அடித்தேன். இந்த வருடம் தேர்வு எழுதாவிட்டால் படிப்பு போதும் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

அன்று மாலை விஜயா தண்ணீர்ப் பானை அருகே நின்று அழுததை அம்மா பார்த்திருக்கிறார். துடைப்பமும் கையுமாக என் வகுப்புக்குள் வந்தார்.

"டேய், அந்தப் பொண்ணு பேர இன்னாத்துக்குடா அடிச்ச?"

"அதுக்கு எழுத வரலம்மா. படிக்கவே தடுமாறுது."

"நான் பெருக்கும்போது பாடம் முழுக்க என்கிட்ட ஒப்பிக்குதுடா. தலையில இருக்குது, தாளுக்கு வரல. அதுக்கு வழி பாக்கத்தான உன்ன சார்னு கூப்புடறாங்க?"

இடுப்பில் செருகியிருந்த காலண்டர் அட்டையை எடுத்து மேசையில் போட்டார். நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தது.

"வருகைப் பதிவேட்ட தொறந்தா எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இத வச்சி ஒவ்வொரு வரியா எறக்கி, என் பேரு இருக்குற ஏழாவது வரியில கைநாட்டு வைக்கிறேன். அதுக்கும் ஒண்ணு வெட்டிக் குடு."

பெயரை மறுபடி சேர்த்தேன். மறுநாளிலிருந்து விஜயா அட்டை வைத்துப் படித்தார். கேள்வியை நான் வாசிப்பேன். அவர் முதலில் பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு துண்டு துண்டாக எழுதுவார். தேர்வுக் கூடத்தில் அட்டையை விடமாட்டார்களே என்று நான் பயந்தேன். விஜயா ஹால் டிக்கெட்டையே வைத்து வரிகளை மறைத்துக்கொண்டாராம். ஆங்கிலத்தில் தோற்று, மறுபடி எழுதித் தேறிக் கல்லூரிக்குப் போனார். அதன்பின் வருடா வருடம் யாராவது இரண்டு மூன்று பேருக்கு அம்மா அட்டை வெட்டுவது வழக்கமாயிற்று.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியோடு அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். "டுடோரியல்ல எனக்குப் பதிலா மணி யாருடா அடிக்கிறாங்க?" என்பதே கடைசி நாள் வரை அவருக்குக் கவலை.

உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அம்மாவின் முதலாண்டு நினைவு நாளான இன்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் நன்றி. நினைவு மலருக்காக அச்சுக்குப் போகுமுன் இந்தக் கட்டுரையைப் பிழை பார்த்துத் தந்த விஜயாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அதே அட்டையை வைத்து, வரி வரியாக இறங்கி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சார், அம்மா உங்ககிட்ட கெஞ்சினாங்கன்னு போட்டிருக்கீங்க. ஆயாம்மா எங்க சார் கெஞ்சினாங்க? டேய்னு இல்ல கூப்ட்டாங்க! வெளிய நின்னு கேட்டுக்கினுதான இருந்தேன்."

கூச்சப்பட்டு மாற்றி எழுதியிருந்தேன். இப்போது நடந்தபடியே எழுதிவிட்டேன்.

அம்மா, இதில் எல்லா வரியும் சரியாக இருக்கிறது. விஜயா பார்த்துவிட்டார்.