கைரேகை எங்கே வைக்கணும்?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தேனாம்பேட்டையில், சுகாதாரத் துறையின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்த புதிது. அறுவை சிகிச்சையில் தவறு நடந்ததாக ஒரு பெண் தந்த புகாரைத் தள்ளிவிடலாம் என்று குறிப்பு எழுதினேன். சம்மதப் படிவத்தில் அவருடைய கைரேகை இருந்ததே!

எங்கள் உயரதிகாரி முன்பு ஆஸ்பத்திரிகளுக்காக வாதாடிய வக்கீல். குறிப்பைப் படித்துவிட்டு, "உங்க அம்மா படிச்சிருக்காங்களா?" என்றார்.

"இல்ல மேடம். பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறாங்க."

"போன் போட்டு இந்தப் படிவத்தைப் படிச்சுக் காட்டுங்க."

ஸ்பீக்கரில் போட்டு முழுவதும் படித்தேன். "புரிஞ்சுதாம்மா?"

"யாவார நேரத்துல இன்னா நைனா இது? ஒண்ணும் புரியல. நீ படிச்சா சரியாத்தான் இருக்கும். ரேகை எங்க வெக்கணும், சொல்லு."

"அப்புறம் பேசுறேம்மா" என்று போனை வைத்தேன். மேடம் சிரிக்கவில்லை.

"இதே மாதிரி ஒரு ரேகையைக் காட்டி நான் கேஸ் ஜெயிச்சிருக்கேன். அது உறுத்தித்தான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றார்.

குறிப்பைக் கிழித்துவிட்டு, விசாரணை தேவை என்று எழுதினேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

என்னைத் திட்டியிருக்கலாம். தன் தவறைச் சொல்லி என் பக்கத்தில் நின்றார். அந்த நன்றியில்தான், கைரேகை வைத்த காகிதம் எது வந்தாலும், அதைப் படித்துக் காட்டியது யார் என்று முதலில் விசாரிக்கிறேன்.