சின்னக் காயிலா, பெரிய காயிலா?

மண்ணுக்குள் கிடப்பதைத் தேடிக் கொடுக்கிற வேலையில் மண் ஒரு தொந்தரவே இல்லை, புதைத்தவர்கள்தான் தொந்தரவு. எங்கே வலிக்கிறது என்று சொல்லாத நோயாளியிடம் மாட்டிக்கொண்ட டாக்டருக்கும், யாருக்கு அளவு என்று சொல்லாமல் துணியை மட்டும் நீட்டுகிறவரிடம் மாட்டிக்கொண்ட தையல்காரருக்கும் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரியும். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் சேர்ந்து புலம்பலாம்.

வீட்டுக்கு வந்த சனியன்

மலாக்காவில், காஜா பெராங்கில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த காலம். செய்தி கேட்பதற்காகவே ஜனங்கள் மூலையில் கிடந்த ரேடியோவையெல்லாம் தூசி தட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் பழைய இரும்புக் கடையில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட கண்ணிவெடி தேடும் மெஷின் ஒன்று கிடைத்தது. நீளக் கம்பு, நுனியில் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம், தோளில் மாட்டப் பேட்டரிப் பெட்டி, காதுக்கு ஹெட்போன். பார்த்த நிமிஷமே மனசு பறிபோய்விட்டது.

அந்த வட்டத்துக்குள் இருக்கிற கம்பிச் சுற்றுக்குப் பெயர்தான் காயில். பெரிய காயில் முழங்கை ஆழம் வரை பார்க்கும். ஆனால் மோதிரம், தோடு மாதிரிச் சின்னச் சாமான் அதன் கண்ணில் படாது. அதனால் எரிந்துபோன டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பியை உருவி, பலகை வட்டத்தில் சுற்றி, சாப்பாட்டுத் தட்டு அளவில் இன்னொன்று செய்தேன். இந்தச் சின்னக் காயில் ஒரு மூக்குத்தியைக்கூட விடாது, ஆனால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அதற்கு ஒன்றும் தெரியாது. ஆக, என்ன புதைத்தார்கள், எவ்வளவு ஆழத்தில் புதைத்தார்கள் என்று தெரிந்தால்தான் எதை மாட்டுவது என்று முடிவு செய்யலாம். முதல் நாள் வீட்டுக் கொல்லையில் சோதித்துப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணி ஒன்றின் மேல் போனதும் ஹெட்போனில் ஊளைச் சத்தம் கிளம்பியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் மனைவி சரசு ஹெட்போனை வாங்கிக் கேட்டாள், கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"ரேடியோன்னா பாட்டாவது பாடும். ஆணியைப் பார்த்து அழறதுக்கு ஒரு மெஷினா?"

பிஸ்கட் டின்

ரேடியோ சோறு போட்டது. மெஷின் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். ஆனால் விஷயம் பரவியதும் ஆட்கள் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் எதையாவது புதைக்காத வீடு ஏது? புதைத்தவர் செத்திருப்பார், இல்லை அடையாளம் வைத்த மரத்தை யாராவது வெட்டியிருப்பார்கள்.

புக்கிட் காதிலிலிருந்து ஒருவர் வந்தார். மாட்டுக்காரர், பால் ஊற்றுகிறவர். "என்ன சாமான்?" என்றேன். "சாமான்தான்" என்றார். "சின்னதா, பெருசா?" என்றேன். "ரெண்டுக்கும் நடுவுல" என்றார். சின்னக் காயிலை மாட்டி அவர் மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடவி, பிறகு பெரியதை மாட்டித் திரும்பவும் முதலிலிருந்து தடவினேன். தீனித்தொட்டிக்குக் கீழே மெஷின் அலறியது. தோண்டினால் பெரிய பிஸ்கட் டின். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவரே மூடியைத் திறந்தார். ஆவல் தாங்காமல் திரும்பிப் பார்த்தேன். டின் நிறைய ஜப்பான் நோட்டு, வாழைமரப் படம் போட்டது. ஜப்பான்காரன் சரணடைந்த அன்றைக்கே செல்லாக்காசாகிப் போனது. அத்தனை வருஷம் பால் கறந்து, ஜப்பான்காரன் கண்ணில் படக்கூடாது என்று ஜப்பான்காரன் நோட்டையே ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷர். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு நோட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அவன் மறுபடி வந்தா இது செல்லுந்தானே, அண்ணே?"

சரசுவின் விசாரணை

ஆண்கள் என்னிடம் வாயைத் திறக்க மாட்டார்கள், பெண்கள் சரசுவிடம் மூட மாட்டார்கள். இது தெரிந்தபின் போகிற இடத்துக்கெல்லாம் அவளையும் கூட்டிப்போக ஆரம்பித்தேன். நான் வாசலில் திருகைத் திருகி டியூன் செய்துகொண்டிருப்பேன். அவள் சமையற்கட்டில் காப்பி குடித்தபடியே விசாரணையை முடித்திருப்பாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தால் சின்னக் காயில்; சும்மா வந்தால் பெரியது.

புக்கிட் பாருவில் ஒரு லாரி டிரைவர், பித்தளை அண்டாவைத் தேட வேண்டும் என்றார். காலையிலிருந்து பெரிய காயிலோடு கொல்லையைச் சுற்றி எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அவர் மண்வெட்டியோடு என் பின்னாலேயே வந்தார். சரசு வந்தாள், முந்தானையைச் செருகவுமில்லை, சும்மா விடவுமில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த அண்டாவை டிரைவரின் மனைவி எப்போதோ தோண்டித் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம்! நான் பின்வாசல் பக்கம் போய், "நிறுத்திடட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அந்தம்மா பதறிவிட்டார்.

"ஐயோ, தேடட்டும் விடுங்கண்ணே! அந்த மனுஷன் வீட்டுல தங்கின ஞாயித்துக்கெழமை இது ஒண்ணுதான்."

பாடுகிற மண்

காயில் சரியாக இருந்தாலும் திருகு சரியில்லை என்றால் போச்சு. மெஷினை மண்ணில் வைத்து, இரைச்சல் அடங்கி ஒரு முனகலாக நிற்கிற வரை திருக வேண்டும். நம் மலாக்காச் செம்மண்ணில் இரும்புச் சத்துள்ள துருக்கல் கலந்திருக்கிறது. மழை பெய்தபின் அந்த மண்ணே மெஷினோடு சேர்ந்து பாடும். ஊருக்குள் வைத்த அளவு வெளியூரில் உதவாது.

ஆயர் குரோ அப்போதெல்லாம் ரப்பர் மரமும் அட்டையும்தான். அங்கே ஒரு தோட்டத்துக் கங்காணி தொலைந்த மோதிரத்தைத் தேடக் கூப்பிட்டார். மேட்டில் கால் வைத்ததும் மெஷின் அலறியது, நகர்ந்தேன், அங்கேயும் அலறியது. கங்காணி ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தடியாகப் போய், கண்கள் விரிய நின்றார். தங்கமில்லை, கல் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. கங்காணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். 

"துரை காதுல போட்றாதீங்க சார், கட்டின பெட்டியை எறக்கி வெச்சிருவாரு."

சின்னதே போதும்

எங்கள் கடைக்குப் பின்னால் செட்டிகள் கம்பம், மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து நிலைத்துவிட்ட தமிழர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அங்கிருந்து மீனாச்சியக்கா வந்தார். கேபாயாச் சட்டையும் சாரோங்கும், கொண்டையில் ஒரு பூ. அவர் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மகள் தேவிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். நகை எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, தன் கணவர் ஜப்பான்காரன் காலத்தில் வீட்டுக்குப் பின்னால் புதைத்தார், சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் திரும்பவில்லை, இடம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். மெஷின் விஷயம் மாப்பிள்ளையின் தாய்மாமன் காதுக்கு எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம், நம் கண் முன்னால் எடுத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

சரசு அக்காவை உள்ளே கூட்டிப் போனாள். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. தங்கம் புதைக்கவே இல்லை. அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த தேவிக்குக் கஞ்சி காய்ச்ச, ஒவ்வொன்றாக அரிசிக்குப் போய்விட்டது. அதைச் சொன்னால் வாக்குச் சுத்தமில்லாத வீடு என்று பெண்ணை வேண்டாமென்றுவிடுவார்களோ என்று பயம். தேடாமலும் இருக்க முடியாது. சின்னக் காயிலில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், ஆழத்தில் இருக்கும் என்று பேச்சை முடித்துவிடலாம். பெரியதிலும் தேடிக் கிடைக்காவிட்டால் இல்லவே இல்லை என்றாகிவிடும். என்னைவிட நன்றாகக் காயில் கணக்குப் போட்டிருந்தார். அக்கா சின்னக் காயிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"நல்லாத் தேடு தம்பி. ஆனா எதையும் கண்டுபிடிச்சுடாதே."

மாப்பிள்ளை வீட்டார்

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், அவர் மனைவி. தேவி ஜன்னல் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் காயிலோடு கொல்லை முழுக்க நடந்தேன். ஒரு சார்டின் டின் மூடியும் குடைக்கம்பியும் கிடைத்தன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆழத்துல இருக்கும்போல" என்றேன். தாய்மாமன் விடுவாரா? என் பையிலிருந்த பெரிய காயிலைக் காட்டி, "அதுக்குத்தானே அது இருக்கு? மாட்டுங்க" என்றார். சரசு என்னைப் பார்த்தாள். மீனாச்சியக்கா யாரையும் பார்க்கவில்லை. மாட்டினேன், வேறென்ன செய்ய?

திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் மெஷின் சும்மாவே ஊளையிடும். தோண்டு தோண்டு என்று பொழுதைக் கழித்துவிடலாம். கை திருகு வரை போனது. ஆனால் தோண்டிய பிறகு என்ன சொல்வது? அளவாகவே வைத்துக்கொண்டு நடந்தேன். திடீரென்று மெஷின் அலறியது. தாய்மாமன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். பார்த்தால், மாப்பிள்ளையின் அம்மா காயிலை உரசுகிற மாதிரிக் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார், கேபாயாவில் பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த மூன்று நகை ஊசிகள் அவ்வளவு கிட்டே வந்ததற்குத்தான் அந்தச் சத்தம். அவர் நிமிர்ந்து, "தங்கம், பித்தளை வித்தியாசம் இதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்ல மெஷின்" என்று ஊசிகளைக் கையால் மூடிக்கொண்டார்.

கடைசி மூலை வரை தேடி முடித்தேன். முனகலைத் தவிர வேறு சத்தமில்லை. "என்ன, இருக்கா இல்லையா?" என்றார் தாய்மாமன். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா என் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார். அந்த வெறும் முனகலை நிதானமாகக் கேட்டார். மீனாச்சியக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் தம்பியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். மீனாச்சியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியை அவர்கள் 'பெசான்' என்பார்கள். அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

"போதும், பெசான். எங்க வீட்டுத் தங்கமும் இப்படித்தான் புதைஞ்சு கிடக்கு, அதே அரிசிக்கடையில. பொண்ணை அனுப்பி வை, இந்த மெஷினை மட்டும் எங்க வீட்டுப் பக்கம் அனுப்பிடாதே."

அந்த மெஷினைச் சுமந்துகொண்டு மலாக்கா முழுக்க அலைந்ததில் ஒரு குண்டுமணித் தங்கம்கூட நான் எடுத்ததில்லை, தேவியின் கல்யாணத்தில் மட்டும் எனக்கும் சரசுவுக்கும் முதல் பந்தியில் இலை போட்டார்கள்.