பின்சில்லுக்குள் மூன்று கியர்

அப்பாவின் சைக்கிளுக்கு மூன்று கியர். மூன்றும் பின்சில்லின் நடுவே, மூடிய உருளைக்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். வெளியே தெரிவது அதை இழுக்கும் கேபிள் மட்டும்தான். நாவற்குழியில் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் அரியாலைக்குத் திரும்பும்போது பாலத்தடியில் சோழகக் காற்று முகத்தில் அறையும். முதலாம் கியரைப் போட்டால் ஆடாமல் அசையாமல் வந்து சேருவேன். அப்பா போனபின் நான் கேட்டு வாங்கியது அந்தச் சைக்கிள் ஒன்றைத்தான்.

போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து அண்ணை வந்தார். “எண்ணெய் விட்டுத் தாறன் பிள்ளை” என்று சைக்கிளோடு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்தார். எவ்வளவு பாசம் என்று உருகிப் போனேன். நான் ஒரு விசரி!

அடுத்த நாள் பாலத்தடியில் கியரை மாற்றினேன். பெடல் சும்மா சுற்றியது. நிலைகுலைந்து நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. முழங்கால் இரண்டும் உரிந்துவிட்டன.

“உதுக்கு இனி இஞ்ச சாமான் எடுக்கேலாது. இரும்புக்குப் போடாமல் நான் அப்பாவின்ரை ஞாபகமாய்க் கொண்டுபோறன்” என்றார் அண்ணை. கழற்றிப் பெட்டியில் கட்டினார். எனக்கு இருபத்தொரு கியர்ச் சைக்கிள் ஒன்று வாங்கித் தந்தார்.

பொய் சொல்லக்கூடாது, புதுசு பாரமில்லை. ஆனால் அதன் சாமான் முழுக்க வெளியில். செயின் ஒரு பல்சில்லிலிருந்து மற்றதுக்குத் தாவ வேண்டும். உப்புக்காற்றும் மணலும் பட்டால் தாவாது, கறகறவென்று அழும். இருபத்தொன்றில் எனக்கு உதவுவது இரண்டோ மூன்றோதான்.

போன கிழமை அண்ணி வீடியோவில் கதைத்தார். அவருக்குப் பின்னால், தெருவில், அண்ணை அப்பாவின் சைக்கிளில் கியர் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தார்.

“உது பழுதெல்லோ?” என்றேன்.

“பழுதோ? ஐயோ, உமக்குச் சொல்லேல்லையே? அண்டைக்கு எண்ணெய் விடேக்கை அவர்தான் கேபிளை இளக்கி விட்டவராம். இஞ்ச வந்து இறுக்கினவுடனை சரி” என்று அண்ணி சிரித்தார்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை என் கூடப்பிறந்தவரே செய்திருக்கிறார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“கேட்டிருக்கலாமே அண்ணை?”

“கேட்டால் நீ தந்திருப்பியோ?”

தந்திருக்க மாட்டேன்தான். சாகும்வரை தந்திருக்க மாட்டேன்.

“நான் விழுந்தது பஸ்ஸுக்கு முன்னாலை, அண்ணை.”

“அதுதான் உனக்குப் புதுசு வாங்கித் தந்தனான்தானே” என்றார்.