லாரி கேபினுக்கு ஓர் ஒட்டுப் போர்வை: பாப்பாரப்பட்டியில் ஒரு சனிக்கிழமை

ஒட்டுப் போர்வை தைக்கும் ஒருவரைப் பார்க்க ஈரோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வரை போனேன் என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. ஒகேனக்கல் போகிற வழியில் எட்டிப் பார்த்திருப்பீர்கள் என்றார்கள். இல்லை. மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை, இதற்காகவே விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அருவியைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்து மூன்று வருடமாகிறது. மாமியாருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்க வேண்டும். போனைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் பழைய சுடிதாரைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்துப்போய்க் கையால் தைக்க ஆரம்பித்தேன். துண்டுகளை ஒட்டி, அடியில் பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்து, மேலிருந்து கீழ்வரை ஓட்டுத்தையல் போட்டால் போர்வை. அவ்வளவுதான். ஆனால் இருபது வருடத்தில் நானும் மாமியாரும் பேசியதைவிட, "சிவப்புக்குப் பக்கத்துல மஞ்சள் வேண்டாம், பச்சையை வை" என்று இந்த மூன்று வருடத்தில் பேசியதுதான் அதிகம்.

எங்களைப்போல் தைப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அறுபது பேர், எல்லாரும் பெண்கள் (என்று நினைத்திருந்தோம்). அதில் பாப்பாரப்பட்டி சாந்தி போடும் படங்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். நான்கு துண்டுகள் சேரும் மூலை அவரிடம் ஊசிமுனை அளவுகூட விலகியிருக்காது. எப்படி என்று தனியாகக் கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு குரல் செய்தி வந்தது: "அது நான் தைக்கறது இல்லீங்க்கா. எங்க வூட்டுக்காரரு தைக்கறாரு. குரூப்ல சொல்லிறாதீங்க."

அப்போதே போக முடிவு செய்துவிட்டேன். அவர் கணவர் சம்மதிக்க இரண்டு மாதம் ஆனது.

ஈரோட்டில் காலை 5.20க்குப் பஸ். சேலம் வரை சுமார் 65 கிலோமீட்டர், 62 ரூபாய். 7.15க்கு இறங்கி, பத்தே நிமிடத்தில் தருமபுரி பஸ் கிடைத்தது. அதுவும் ஏறக்குறைய அதே தூரம், 60 ரூபாய். தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தே போனதால் தருமபுரி சேர 9.10 ஆகிவிட்டது. நிலையத்துக்கு எதிரே மூன்று இட்லி, ஒரு வடை, காபி. எழுபது ரூபாய். சட்னி காரம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து பாப்பாரப்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல்.

சாந்தி ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் அளவு டேப். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். வீடு சந்தைத் தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை. உள்ளே ஜன்னலோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தவர்தான் முருகேசன். அகலமான தோள், பெரிய கை, மூக்குக் கண்ணாடி. ஒரு காலை நீட்டியே வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தைத்துக்கொண்டிருந்ததை மடித்து ஒளிக்கப் போனவர், பிறகு அவராகவே விரித்துக் காட்டினார்.

முருகேசன் பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் மழையில் தொப்பூர் இறக்கத்தில் வண்டி சாய்ந்துவிட்டது. வேறு யாருக்கும் அடியில்லை. நசுங்கிய கேபினுக்குள் இவர் மட்டும் இரண்டு மணி நேரம் சிக்கியிருந்தார். காலுக்குள் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். கால் தேறியது, கை தேறவில்லை. லாரிப் படியில் கால் வைத்தாலே இரண்டு கையும் நடுங்கும், சட்டை நனைந்துவிடும். ஒரு வருடம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார். ஒரு குடோனில் காவல் வேலைக்குப் போனார். அங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோது நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு மதியம் சாந்தி, வெட்டித் தள்ளிய ஜாக்கெட் துணிகளை நிறம் பிரித்துத் தரச் சொல்லியிருக்கிறார். பிரித்து முடித்தவர், இதைத் தூக்கிப்போடுவானேன் என்று ஒரு ஊசியை எடுத்திருக்கிறார். நூல் கோக்கவே முக்கால் மணி நேரம். கோத்த பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. தைத்துக்கொண்டிருந்தவரை கை நடுங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தைத்தார். யாராவது வந்தால் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வீட்டிலேயே மெஷின் இருக்கிறதே, அதில் தைத்தால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன்.

"மெஷின்ல வேகமாப் போயிருதுங்க," என்றார். "எனக்கு மெதுவாப் போவணும்."

தைக்கும் எங்கள் அறுபது பேரில் ஒருவர்கூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நான் போன அன்றைக்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது. சலீம் என்று ஒரு நண்பர், இவரோடு ஒரே ரூட்டில் ஓட்டியவர். பார்க்க வந்த இடத்தில் கட்டிலில் கிடந்த போர்வையைப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார். முருகேசன் உண்மையைச் சொன்னார். சலீம் சிரிக்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகைக்கு ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். அந்தப் போர்வை முடிந்திருந்தது. ஊர் எல்லையில் ஒரு குடோனில் சலீமின் லாரிக்குப் புளி ஏறிக்கொண்டிருப்பதாகப் போன் வந்தது. மூன்று பேரும் ஆட்டோவில் போனோம், நாற்பது ரூபாய்.

குடோன் வாசலில் புளி வாசனை தொண்டையைப் பிடித்தது. சலீம் போர்வையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேபினுக்குள் ஏறி விரித்தார். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டினார். ஒரு பக்கம் நீளம் கூடிவிட்டது. சலீம் சாணால் அளந்து சொன்ன கணக்கு தப்பு. பலகையின் ஓரத்தில் சாமான் பெட்டி இருப்பதை அவர் சொல்லவில்லை. மிச்சத் துணி இரண்டு சீட்டுக்கும் நடுவே தொங்கியது.

"அப்படியே வுடாத பாய். கியர்ல மாட்டும்," என்றார் முருகேசன்.

எங்கே மடிக்க வேண்டும் என்பதை விரித்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். சலீம் ஊசி பிடித்தவர் இல்லை. கேபின் கதவு திறந்திருந்தது. முருகேசன் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறி அளந்து தருகிறேனே என்று வாயெடுத்தேன். சாந்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

முருகேசன் சட்டைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். ஊசியில் நூல் கோத்துக் காலரில் குத்திக்கொண்டார். கைப்பிடியைப் பற்றினார். கை நடுங்கியது, எனக்கே தெரிந்தது. நல்ல காலை முதல் படியில் வைத்து அப்படியே நின்றார். சுமை தூக்குபவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்கள். மேலேயிருந்து சலீம் கை நீட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பெட்டி எவ்வளவு அகலம், துணி எங்கே இடிக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு முருகேசன் உள்ளே இருந்தார். எப்போது ஏறினார் என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் சாந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்து நிமிடம். ஓரத்தை மடித்து அங்கேயே உட்கார்ந்து தைத்து முடித்தார். இறங்கும்போது சட்டை முழுக்க ஈரம்.

"அரைச் சாண் மடிச்சிருக்கேன். தொவைச்சாலும் பிரியாது," என்று சலீமிடம் சொன்னார். சாந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

திரும்பும் வழியில் மனம் கேட்காமல், இனி ஓட்டுவீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"தெரியலீங்க. ஓட்டறதுக்குன்னு ஏறல. அளவு தப்பாயிருச்சு, அதுக்கு ஏறுனேன்."

மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். களி, கீரைக் குழம்பு. முருகேசன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். சாந்தி எதற்கென்று இல்லாமல் அடிக்கடி சிரித்தார். 3.15 பஸ் பிடித்து இரவு எட்டுக்கு முன்பே வீடு வந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு, காலையில் போவது நல்லது, மாசிக்குப் பிறகு பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும். தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒட்டுத் துணி வேண்டுமென்றால் டவுனில் எந்தத் தையல் கடையிலும் கேளுங்கள். நான் கேட்ட கடையில் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்கள். சாந்தி வீட்டு முகவரியை மட்டும் கேட்காதீர்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எழுதலாம் என்று முருகேசன் சொன்ன பிறகே எழுதினேன்.

எதற்குத் தைக்கிறாய் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று சொல்லி முடித்துவிடுவேன். இனி அப்படிச் சொல்லமாட்டேன். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து தாண்ட வேண்டிய ஏதோ ஒரு நேரம் இருக்கிறது. கையில் ஊசி இருந்தால் அந்த நேரம் தையல் தையலாக நகர்கிறது, முடிவில் போர்த்திக்கொள்ள ஒன்று மிஞ்சுகிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது குழுவில் ஒரு படம் வந்தது. வேறொரு லாரியின் கேபின், நீலமும் காவியுமாக ஒரு போர்வை, கண்ணாடி வழியே காலை வெயில். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பி எடுத்த படம். வழக்கமாகச் சாந்தியின் பெயரில் வரும். இந்த முறை அனுப்பியவர் முருகேசனே, தன் சொந்தப் பெயரில்.