சூடு ஏறினால்தான் பிடிக்கும் பிரேக்

காருக்குப் புது பிரேக் பேட் போட்ட மறுநாள் காலை, ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் தெரு முனையில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்த பிறகு, முன்னால் நின்ற காய்கறி ஆட்டோவை ஒரு சாண் இடைவெளியில் இடிக்காமல் நின்றது. ஆனால் அன்று மாலை பேகம்பேட் நெரிசலில் அதே பிரேக் கச்சிதமாகப் பிடித்தது!

காரணம் தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஒரு காலி மைதானத்துக்குப் போனேன். ஒரே வேகத்தில் வந்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப பிரேக் போட்டேன். கார் நின்ற இடத்திலெல்லாம் அவர் செங்கல் வைத்தார்.

"போகப் போக சீக்கிரமே நிக்குது, பாரேன்!" என்றார்.

நேராக, பேட் மாட்டிய மெக்கானிக்கிடம் போனோம்.

"மிதிக்க மிதிக்க நல்லா பிடிக்குதே, இது சூடானாத்தான் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"ஹவ், ஆமா மேடம், ரேஸ் ஓட்டறவங்க போடற பேட் அது. நீங்கதானே இருக்கறதுலயே பெஸ்ட் வேணும்னீங்க?"

அன்றே சாதாரண பேட்டுக்கு மாறினேன். இப்போதெல்லாம் கார் சாமான் வாங்கும் எந்தக் கடையிலும் "எது பெஸ்ட்?" என்று கேட்பதில்லை. "தினமும் பிள்ளையைப் பள்ளியில் விட்டு ஆபீஸ் போகிற காருக்கு எது சரி?" என்றுதான் கேட்கிறேன்.